தண்ணீர் வந்த உயரத்தையும் விளம்பரத்தில் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீடு, மனை பக்கத்தைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். கடல் பார்த்த வீடு, நல்ல காற்றோட்டம், மாடியில் நின்றால் சூரிய உதயம் என்றெல்லாம் விளம்பரம் வருகிறது. அறை எத்தனை, குளியலறை எத்தனை, கார் நிறுத்த இடம் உண்டா, எல்லாம் இருக்கிறது. ஆனால் கடலோரத் தீவில் வீடு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய இரண்டு எண்களை மட்டும் நான் ஒரு விளம்பரத்திலும் பார்த்ததில்லை: கடல் ஏறி நிற்கும் மட்டத்திலிருந்து வீட்டின் தரை எவ்வளவு உயரம், தண்ணீர் இதுவரை எந்த உயரம் வரை வந்திருக்கிறது. இந்த இரண்டையும் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதைச் சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை ஒன்றும் கிடையாது. நானே மறைத்துத்தான் விற்கப் பார்த்தேன்.

தீவு ஊரில் அப்பா கட்டிய வீடு அது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அங்கே தங்க ஆளில்லை, தம்பிக்கும் எனக்கும் வேலை வேறு எங்கோ, வருடத்துக்கு இரண்டு முறை போய்க் கதவைத் திறந்து பெருக்கிவிட்டு வருவோம், அவ்வளவுதான். கடலோர வீட்டைப் பூட்டி வைத்தால் அது உள்ளுக்குள்ளேயே தின்னப்படும், ஆள் புழங்கினால்கூட இவ்வளவு வேகமாகப் போகாது. சரி விற்றுவிடலாம் என்று முடிவு செய்து தரகர் ஒருவரைப் பிடித்தோம். அவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் யோசனை, "அக்கா, உள்ளே வெளியே எல்லாம் ஒரு கோட் பெயின்ட் அடிச்சிடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்." அடித்தோம். சமையலறைக்குப் புது மேடைக்கல்லும் போட்டோம். அந்தக் காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முதலில் பார்க்க வந்தவர் அதிகம் பேசாத மனிதர். மேடைக்கல்லை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்துக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கீல்களைப் பார்த்தார். மேல் கீல் சுமாராக இருந்தது, நடுக் கீலும் பரவாயில்லை, கீழ்க் கீல் மட்டும் செதில் செதிலாக உரிந்து, விரல் வைத்ததும் காவிப் பொடியாக உதிர்ந்தது. அடுத்த அறைக் கதவு, அதற்கடுத்த கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாக் கதவிலும் கீழ்க் கீல் மட்டும் அப்படியேதான். "எவ்வளவு உயரம் தண்ணி வந்துச்சுங்க?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் பெரிசா ஒண்ணும் வரலை" என்றேன். அவர் பேரமும் பேசவில்லை, சண்டையும் போடவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போய்விட்டார். சுவருக்கு அடித்த பெயின்ட்டை நாங்கள் கீலுக்கு அடிக்க மறந்துபோயிருந்தோம்.

தீவு ஊரில் ஒரு செய்தி பரவ எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரே துறை, ஒரே கடைத்தெரு. அடுத்து வந்த இரண்டு பேரும் வாசலில் நுழையும்போதே குனிந்து கீலைத்தான் பார்த்தார்கள்.

இனி கொஞ்சம் உப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் செலவு செய்வது இதைத் தெரிந்துகொள்ளாததால்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் வீட்டுக்குள் வந்து வடிந்தாலும் உப்பு சுவரோடு தங்கிவிடும். சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும், கடலுப்பில் இருக்கும் மக்னீசிய உப்புகள் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். அதனால் அந்தச் சுவர் ராத்திரி நனையும், வெயிலில் காயும், காயும்போதெல்லாம் உப்பு மணிமணியாகப் பூத்துப் பூச்சை உள்ளிருந்து தள்ளும். அதன்மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் ஒரு பருவம் தாங்காது. நாங்கள் அடித்த பெயின்ட் நாலாவது மாதமே தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மறைக்கப் பார்த்த கோட்டை நாங்களே இன்னொரு முறை வரைந்து காட்டியது மாதிரி ஆகிவிட்டது.

கான்கிரீட் விஷயம் இதைவிட மோசம், அங்கே வெளியே தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றி மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று இருக்கும், உப்பிலிருக்கும் குளோரைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அதை உடைத்துவிடும். துரு பிடித்த இரும்பு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கேட்கிற இடம் கிடைக்காததால் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். பழைய தீவு வீடுகள் பலவற்றில் கூடுதல் கோளாறு ஒன்று உண்டு. அக்கரையிலிருந்து ஆற்று மணலைப் படகில் கொண்டுவரக் காசில்லாமல் கடற்கரை மணலையே அள்ளிப் போட்டுக் கலந்திருப்பார்கள், அதில் உப்பு கட்டும்போதே உள்ளே போய்விட்டது. விற்பதற்கு முன் சுத்தியலின் கைப்பிடியால் கூரையின் அடிப்பக்கத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். டங் என்று கெட்டியாகக் கேட்டால் சரி, பொத் என்று கேட்கிற இடத்தில் கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் மேலாகச் சிமென்ட் அப்பிப் பட்டி பார்த்து விற்பது பழைய தந்திரம். கம்பிக்குப் பின்பக்கம் வரை உடைத்தெடுத்துச் சுத்தம் செய்யாமல் ஒட்டுப் போட்டால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துரு வேகம் பிடிக்கும். வாங்கியவர் இரண்டு வருடம் கழித்து உங்களை நினைத்துக்கொள்வார், நல்லவிதமாக அல்ல.

ஆகவே என் கட்சி இது: தீவு வீட்டை விற்கப் போகிறவர் மேடைக்கல்லுக்கும் அலங்கார விளக்குக்கும் போடுகிற காசை, கூரையைப் பிடித்திருக்கும் ஆணிக்கும் திருகுக்கும், வடிகாலுக்கும், கதவு ஜன்னல் கீல்களுக்கும் போடட்டும். துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் கொடுப்பதிலும் இரண்டு ரகம் இருக்கிறது. பாத்திரத்துக்குப் போகிற 304 ரகம் கடல் காற்றில் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பாகிவிடும், மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம்தான் அங்கே கொஞ்சமாவது நிற்கும். விவரம் தெரிந்தவர் வந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பார். விவரம் தெரியாதவர் வந்தால் கூட்டி வருகிறவருக்குத் தெரிந்திருக்கும்.

கிணற்றைப் பற்றி யாருமே பேசுவதில்லை, நான் பேசுகிறேன். தீவில் நாம் குடிக்கிற நல்ல தண்ணீர் பூமிக்கடியில் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, நடுவில் பருத்து ஓரங்களில் மெலிந்த ஒரு வில்லை மாதிரி. உப்புநீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் எல்லாம் நிற்கிறது. நிலத்தடி நீர்க்காரர்கள் இதைக் கைபன், ஹெர்ஸ்பெர்க் விதி என்பார்கள்: நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது அல்லவா? இதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு இழுத்து மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறிவர இடம் கிடைத்துவிடுகிறது. பக்கத்து மனையில் பெரிய விடுதி ஒன்று வந்து இரவும் பகலும் தண்ணீர் இழுத்தால் உங்கள் கிணறு உப்பாகும், அதற்கு உங்கள் கிணற்றில் குற்றமே இருக்க வேண்டியதில்லை. எங்கள் கிணறு கோடைக் கடைசியில் கரிக்கும், மழை வந்து பத்துப் பதினைந்து நாளில் சரியாகிவிடும். அதைச் சொன்னால் வாங்க மாட்டார்கள் என்று பயந்து, மழைக்குப் பிறகே எல்லோரையும் வரச் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் வாங்கியவரிடம் உண்மையைச் சொன்னபோது அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "அப்போ கூரைத் தண்ணியைப் பிடிக்க ஒரு தொட்டி கட்டிக்கறேன்" என்றார். நாங்கள் மூன்று வருடம் பயந்த விஷயத்துக்கு அவருக்கு அரை நிமிடம்தான் ஆயிற்று.

அந்தக் கடைசி ஆள் வந்த கதைக்கு வருகிறேன். வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக இருந்த சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் அப்பா தச்சர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பார், ஒவ்வொரு முறை தண்ணீர் வந்தபோதும் எந்தத் தேதி, எவ்வளவு உயரம் என்று. மொத்தம் ஐந்து கோடுகள். அந்த அறை தட்டுமுட்டுச் சாமான் அடைந்து பூட்டிக் கிடந்ததால் பெயின்ட்காரர் அதைத் தொடவில்லை, அதனால்தான் அவை தப்பின. மூன்று பேர் வந்து போன பிறகு தம்பிதான் சொன்னான், "எப்படியும் கண்டுபிடிக்கறாங்க, நாமளே காட்டிடலாம்கா." அடுத்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கூடத்தைக் காட்டுவதற்கு முன்னாலேயே அந்தக் கதவைத் திறந்து காட்டினேன். அந்தப் பெண் உட்கார்ந்து ஒவ்வொரு தேதியாகப் படித்தார், கைப்பேசியில் படம் எடுத்தார். அப்புறம் வெளியே போய் வாசல் படிகளை எண்ணிவிட்டு வந்து, "அஞ்சு தடவையில ரெண்டு தடவைதான் வீட்டுக்குள்ள வந்திருக்கு, சரியாம்மா?" என்றார். சரிதான். மற்ற மூன்றும் வெளித் திண்ணையோடு நின்றவை. நான் இத்தனை வருடமாக அந்தக் கதவைப் பார்த்தும் அப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை! எனக்கு அது மொத்தமாகத் தண்ணீர் வந்த வீடு, அவருக்கு அது எவ்வளவு தண்ணீர், எத்தனை முறை என்று கணக்குப் போடக்கூடிய வீடு.

விலை குறைந்ததா என்று கேட்பீர்கள். குறைந்தது. தரகர் ஆரம்பத்தில் சொன்ன தொகைக்கும் கைக்கு வந்ததற்கும் நல்ல இடைவெளி. ஆனால் அந்த ஆரம்பத் தொகையை யாராவது கொடுக்க முன்வந்தார்களா? ஒருவரும் இல்லை. தீவில் வருடத்துக்கு விற்பதே விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகள், பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட ஆளில்லை, அதனால் தரகர் சொல்வதும் ஊகம், நாம் ஆசைப்படுவதும் ஊகம். அந்த ஊகத்தை நம்பி மூன்று வருடம் காத்திருந்ததில் கூரையில் இன்னும் இரண்டு இடம் பொத்தென்று ஆனதுதான் மிச்சம்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன், ஊருக்கு ஊர் வேறு. இங்கிலாந்தில் வாங்குகிறவர்தான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய வழக்கம், ஆனால் விற்கிறவர் நிரப்பித் தரும் படிவத்தில் வெள்ளம் வந்ததா என்ற கேள்வி இருக்கிறது, பொய் எழுதினால் வழக்கு வரும். இந்தியாவில் 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவே, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்கிறவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிற பிரிவு, எத்தனை தரகருக்குத் தெரியுமோ. இத்தனை புயல் பார்த்த அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலேயே, வெள்ளச் சேதத்துக்குக் காப்பீட்டில் பணம் கேட்டிருந்தால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற விதி 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

எதிர்ப்பக்கத்து வாதமும் உண்டு, அதை நான் சும்மா தள்ளிவிடவில்லை. நியூசிலாந்தில் கபிட்டி என்ற கடற்கரைப் பகுதியில் 2012இல், எதிர்காலத்தில் கடல் எதுவரை அரிக்கலாம் என்று கோடு போட்டு, அதைச் சொத்துப் பற்றிய தகவல் குறிப்பில் சேர்த்துவிட்டார்கள். சுமார் 1,800 சொத்துகள் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டன, வீட்டுக்காரர்கள் கொதித்துப்போய் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நாளைக்கு வரலாம் என்கிற ஊகத்தை வீட்டின் தலையில் முத்திரையாகக் குத்துவதும், நேற்று வந்த தண்ணீரைச் சொல்வதும் ஒன்றல்ல. நான் கேட்பது இரண்டாவதை மட்டும்தான். வந்ததைச் சொல்லுங்கள், தரை உயரத்தைச் சொல்லுங்கள், வரப்போவதை வாங்குகிறவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

அவர் கணக்குப் போடுவதற்கும் விவரம் கிடைக்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியலாளர் குழு சொல்கிறது. சாதாரண வாசல் படி ஒன்றின் உயரத்தைவிட அது அதிகம். 2006 முதல் 2018 வரையிலான வேகம் வருடத்துக்குச் சுமார் 3.7 மி.மீ. இது சராசரிதான், நிலம் அமிழ்கிற இடத்தில் கூடுதலாகத் தெரியும், நிலம் எழும்புகிற இடத்தில் குறைவாகத் தெரியும். மூன்று படி வைத்துக் கட்டிய வீட்டுக்கும் ஏழு படி வைத்துக் கட்டிய வீட்டுக்கும் ஒரே விலை எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

தரை உயரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு கால்வெஸ்டனை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் கரையோரத் தீவு ஊர் அது. 1900 செப்டம்பரில் வந்த புயலில் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள், 8,000 என்று சொல்கிறவர்களும் உண்டு. பிழைத்தவர்கள் கடல் சுவர் கட்டினார்கள், அதோடு நிறுத்தாமல் ஊரையே உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலைக் குழாய் வழியாக நிரப்பினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் உயர்த்திப் பயன் இல்லை. அதே நாட்டில் வட கரோலினாவின் மணல் தீவுத் தொடரில் ரோடான்தி என்ற இடத்தில் வீடுகள் உயரமான கால்களின் மேல்தான் நிற்கின்றன. கடல் அடியில் இருக்கிற மணலையே கொண்டுபோய்விட, 2022 மே மாதத்தில் ஒரே நாளில் இரண்டு வீடுகள் சரிந்து கடலில் விழுந்தன. அந்த மாதிரித் தீவுகள் மெல்ல நகர்கிற இயல்பு உள்ளவை, கடல் பக்கம் கரையும், உள்பக்கம் வளரும். அங்கே உயரத்தோடு கடலிலிருந்து தூரத்தையும் கேட்க வேண்டும், அது வருடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்றும் கேட்க வேண்டும்.

இன்னும் சில்லறை விஷயங்கள். வாங்குகிறவர் கடன் போடுகிறவராக இருந்தால் வங்கி காப்பீடு கேட்கும், பல நாடுகளில் வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, தனியாக எடுக்க வேண்டும், அதை விசாரித்து வைத்துக்கொண்டு விற்பனைக்கு விடுங்கள், முன்பணம் வாங்கிய பிறகு அதனால் உடைந்தால் மனக்கசப்பு. கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாத வீடுகள் நிறைய. நிலத்தடி நீர் ஏறும் காலத்தில் அது நிரம்பி எதிர்த்து வருமா என்பதும் சொல்ல வேண்டிய விஷயம்தான். வீட்டை எப்போது காட்டுவது என்று கேட்டால், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், கடல் நன்றாக ஏறி நிற்கும் நேரத்தில் ஒரு முறை வரச் சொல்லுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி அந்த ஏற்றம் இன்னும் அதிகம் இருக்கும். அந்த நேரத்தில் தெருவில் கால் நனையாமல் வந்து பார்த்தவர் பிறகு பின்வாங்க மாட்டார். கால் நனைந்தவர் வாங்க மாட்டார், அது உங்களுக்கும் நல்லதுதான்.

பத்திரம் முடிந்து சாவி கொடுக்கும்போது அந்தப் பெண் ஒன்று கேட்டார், அந்தச் சாமான் அறைக் கதவை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விடாதீர்கள் என்று. உண்மையில் நான் அதைத்தான் நினைத்திருந்தேன், அப்பாவின் கையெழுத்து ஆயிற்றே. படம் மட்டும் எடுத்துக்கொண்டு கதவை விட்டுவிட்டு வந்தேன். போன மாதம் அவர் ஒரு படம் அனுப்பினார். அப்பாவின் கோடுகளுக்குக் கீழே, திண்ணை மட்டத்தில் ஆறாவது கோடு, புது மையில் தேதியோடு.

கடிதம் நீண்டுவிட்டது, நீங்கள் வெட்டுவீர்கள் என்று தெரியும். மேடைக்கல் கதையை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், கிணற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தீவு வீட்டை விற்ற ஒரு வாசகி